அத்திக்கொல்லையில் கலைந்த காசுமாலை

ஜவ்வாது மலைக்குப் போகப்போகிறேன் என்றதும் என் மனைவி முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"கடையப் பூட்டிட்டு வர்றதுக்கே மூணு தபா திரும்பிப் போய் பூட்ட இழுத்துப் பாக்கற ஆளு. நீ மலைக்குப் போறியா? மல தாங்குமா?"

அவள் சொன்னதில் தவறில்லை. எதற்கும் பயப்படுகிறவன் நான். மழை வந்தால் கூரை, வெயில் வந்தால் டியூப். வேலூரில் வாடகை சைக்கிள் கடை வைத்திருப்பவனுக்குக் கவலைப்பட ஆயிரம் இருக்கிறது. எடுத்துப்போன சைக்கிள் திரும்பி வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதும் ஒருவகையில் பயத்தினால்தான். கணக்கு வாத்தியார் பயம்.

அப்படிப்பட்டவனுக்கு ஒரே ஒரு துணிச்சலான காரியம் வாய்த்தது. அதுதான் காசு சேர்ப்பது. கல்லாவில் யாரோ தள்ளிவிட்டுப்போன செல்லாக் காசுகளைத் தூக்கிப்போட மனசு வராமல் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தேன். டப்பா நிறைந்தது, பைத்தியம் பிடித்தது. எங்கள் பக்கத்தில் இதே பைத்தியம் பிடித்தவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு கல்யாண மண்டபத்தில் கூடுவோம். காசு வாங்குவது, மாற்றுவது, அத்தோடு ஒரு போட்டி. ஆளுக்கொரு கண்ணாடிச் சட்டம் கொடுப்பார்கள். அதற்குள் நம் காசுகளை அடுக்கிக் காட்ட வேண்டும். நடுவர்கள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்து மார்க் போடுவார்கள்.

முதல் வருஷம் இடமே தெரியாதபடி காசுகளைத் திணித்து வைத்தேன். நிறைய இருந்தால் நிறைய மார்க் என்று நினைப்பு. இரண்டாம் வருஷம் சிவப்பு வெல்வெட் துணி, ஓரத்தில் ஜிகினா. பார்த்தவர்கள் எல்லாரும் வெல்வெட் எந்தக் கடையில் வாங்கியது என்றுதான் கேட்டார்கள். மூன்றாம் வருஷம் தெரிந்த குமாஸ்தா ஒருவரிடம் விளக்கம் எல்லாவற்றையும் இங்கிலீஷில் எழுதி வாங்கி ஒட்டினேன். நடுவர் ஒரு வரியில் விரலை வைத்து, "இதுக்கு அர்த்தம் இன்னாங்க?" என்றார். எனக்குப் படிக்கத் தெரிந்தால்தானே.

அந்த நடுவர் நல்ல மனுஷர். போட்டி முடிந்ததும் டீக்கடைக்கு அழைத்துப் போனார். "உங்க காசு எல்லாம் நல்ல காசுங்க. ஆனா மளிகைக் கடையில பருப்பு கொட்டி வெச்சா மாதிரி கீது. கொஞ்சமா வைங்க. ஒரே ஒரு சேதி சொல்லுங்க. இந்தக் காசு யார் கையில இருந்துது, அவங்க இத வெச்சிக்கினு இன்னா பண்ணாங்க, அத சொல்லுங்க. போதும்" என்றார்.

அதற்கப்புறம் வருஷம் முழுவதும் அதே யோசனை. என் டப்பாவில் இருக்கும் காசுகளை யார் வைத்திருந்தார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

வழி காட்டியவன் ஆண்டி. ஜவ்வாது மலையில் அத்திக்கொல்லை என்கிற சிற்றூர்க்காரன். தேன் விற்க வேலூருக்கு வருவான். வந்தால் என்னிடம்தான் சைக்கிள் எடுப்பான். ஒருநாள் நான் காசு துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "இத எங்கூட்ல கழுத்துல போடுவாங்க" என்றான். காசின் விளிம்பில் பற்றவைத்த வளையத்தில் கயிறு கோத்து மாலையாகப் போடுவார்களாம். எங்கள் கூட்டத்தில் வளையம் வைத்த காசு என்றால் ஊனமான காசு. யாரும் தொடமாட்டார்கள். எனக்கோ அன்று தூக்கம் வரவில்லை. காசாக இருப்பதை விட்டுவிட்டு நகையாகிப்போன காசு! இதுதான் நடுவர் கேட்ட ஒரே சேதி.

"மாலைய எடுத்துக்கினு வர்றியா?" என்று கேட்டதற்கு, "அது மலைய வுட்டு எறங்காது. நீ வேணா ஏறு. ஆத்தா திருவிழா வருது" என்றான். ஏறினேன்.

போளூரில் மலை பஸ் ஏறியபோது என் பையில் இருந்தவை: காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், தலைவலி மாத்திரை, வயிற்றுவலி மாத்திரை, டார்ச், பங்குனி வெயிலில் குடை, மெல்லிய தாள் ஒரு கட்டு, நாலைந்து பென்சில். கேமரா வாங்க வசதி இல்லாத நாங்கள் காசின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படம் எடுப்போம். அதற்குத்தான் தாள்.

பஸ் வளைவுகளில் ஏற ஏற என் வயிறும் ஏறியது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. பாதி மலையில் முன்பக்கம் குபுகுபுவென்று ஆவி கிளம்பி வண்டி நின்றுவிட்டது. ஆண்கள் எல்லாரும் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தோம். நான் மட்டும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு கல் வைத்தேன். கண்டக்டர், "யார்கிட்ட தண்ணி கீது?" என்று கேட்டபடி வந்து என் பையிலிருந்த பாட்டிலைக் கண்டுபிடித்துவிட்டார்.

"அது காய்ச்சின தண்ணிங்க."

"அப்ப ரொம்ப நல்லதுங்க. எஞ்சினுக்குச் சளி பிடிக்காது."

பஸ்ஸே சிரித்தது. கோழிக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் மட்டும் இரக்கப்பட்டு, "மேல போனா ஊத்துத் தண்ணி கெடைக்கும்பா, பயந்துக்காத" என்று தைரியம் சொன்னாள். எனக்கு ஊற்றுத் தண்ணீர் என்றதும்தான் பயம் அதிகமாயிற்று.

ஜமுனாமரத்தூரில் ஆண்டி காத்திருந்தான். அங்கிருந்து நடை. வேலூரில் அந்த நேரத்துக்குத் தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கும். இங்கே காற்று சட்டைக்குள் புகுந்து விளையாடியது. வழியெல்லாம் புளியமரம். எந்த ஊரைக் கடந்தாலும் வாசலில் புளி காய்ந்தது; பெண்கள் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியால் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் புளிப்பு வாசனையில் எனக்கு நாக்கில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது.

ஆண்டியின் வீடு என்பது ஒரே வாசலைப் பார்த்த இரண்டு வீடு. ஒன்றில் அண்ணன் வெள்ளையனும் அவர் பெண்சாதி மல்லியம்மாவும். மற்றதில் ஆண்டியும் அவன் பெண்சாதி சின்னத்தாயியும். இரண்டு பெண்களுக்கும் நாற்பது வயது இருக்கலாம். மல்லியம்மா கொஞ்சம் முறைப்பு. சின்னத்தாயிக்கு வாய் மூடாது.

இரவுச் சாப்பாடு சாமைச் சோறும் மொச்சைக்கொட்டைக் குழம்பும். பழக்கமில்லாத தானியம், வயிற்றை என்ன செய்யுமோ என்று ஒரு கவளம் மட்டும் எடுத்துக்கொண்டேன். பிறகு இன்னொன்று. மூன்றாம் தடவை தட்டை நீட்டியபோது சின்னத்தாயி, "காசுக்காரருக்கு வயித்துல ஓட்ட கீது போல. அக்கா, பானைய மறச்சி வெய்யி" என்றாள்.

சாப்பிடும்போதே மாலையின் கதையைச் சொன்னார்கள். மலை முழுக்க உள்ள வழக்கமா என்று எனக்குத் தெரியாது. அந்த வீட்டு வழக்கம். மருமகளாக வருகிறவள் தாய்வீட்டிலிருந்து ஒரு வெள்ளிக் காசு கொண்டு வருவாள். அவள் வாசப்படி தாண்டியதும் அந்தக் காசை மாலையில் கோத்துவிடுவார்கள். மாலை இருப்பது மூத்தவன் வீட்டில். ஆனால் திருவிழா அன்று அதைக் கழுத்தில் போட்டுக்கொள்வது, உயிரோடிருக்கிற மருமகள்களில் யார் காசு முதலில் வருகிறதோ அவள். அவள்தான் பொங்கல் பானையில் முதல் கை அரிசி போடுவாள்.

"அப்ப மல்லியம்மாதான் போடுவாங்களா?" என்றேன், மூத்தவர் மனைவி ஆயிற்றே என்று.

எல்லாரும் மல்லியம்மாவைப் பார்த்தார்கள். பிறகு சின்னத்தாயி விழுந்து விழுந்து சிரித்தாள். "கேளுக்கா, நல்லா கேக்கறாரு!"

இரண்டு பேருக்கும் ஒரே நாளில், ஒரே பந்தலில் கல்யாணம். வீட்டுக்குள் முதலில் நுழைந்தது சின்னத்தாயி. அதனால் அவள் காசு முன்னால்.

"ரெண்டு எட்டு முன்ன வந்துட்டா," என்று மல்லியம்மா குழம்புச் சட்டியைத் தேவைக்கு மேல் கிளறினாள். "அந்த ரெண்டு எட்டுக்கு இத்தினி வருசமா நான் பேச்சு வாங்கறேன்."

"நாளன்னிக்கும் வாங்குவ," என்றாள் சின்னத்தாயி.

மறுநாள் காலையில் ஆண்டியும் சின்னத்தாயியும் திருவிழாவுக்குச் சாமான் வாங்கச் சந்தைக்குப் போய்விட்டார்கள். குளிரில் பல் கிட்டிக்கொண்டு எழுந்த எனக்குக் கேழ்வரகுக் கூழ் கிடைத்தது. குடித்துவிட்டு நிமிர்ந்தால் மல்லியம்மா ஒரு பானைக்குள் கைவிட்டு மாலையை எடுக்கிறாள்.

கறுத்த கயிற்றில் ஒன்பது காசு. ராணி தலை ஒன்று, மொட்டைத்தலை ராஜா, தாடி ராஜா, கிரீடம் வைத்த ராஜா. எல்லாம் பழைய வெள்ளி ரூபாய்கள். போன திருவிழாவிலிருந்து பானைக்குள் கிடந்து கருமை ஏறி மழைமேகம் போல ஒரு நிறம். எங்கள் கூட்டத்தில் இந்த நிறத்துக்காக உயிரை விடுவார்கள். நான் கையை நீட்டுவதற்குள் மல்லியம்மா ஒரு உருண்டை புளியையும் சாம்பலையும் சேர்த்து அரக்கித் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள்.

"ஐயோ, தேய்க்காதீங்க! நெறம் போய்டும்! தேச்ச காசுக்கு மார்க்கே கெடையாது!"

"பின்ன அழுக்கோடயா ஆத்தா முன்ன போய் நிக்கறது? உங்கூர்ல மூஞ்சி கழுவாமதான் கோயிலுக்குப் போவீங்களா?"

காசுகள் பளபளவென்று வந்தன. "பாத்துக்கோ, எழுதிக்கோ. பத்தரம்" என்று மாலையை என் மடியில் வைத்துவிட்டுப் புளி தட்டப் போய்விட்டாள்.

தாளை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். காசு வழுக்கிக்கொண்டு ஓடியது. கயிறு குறுக்கே வந்தது. அத்தோடு அந்தக் கயிறு. நனைந்து, நைந்து, ஓரிடத்தில் இரண்டு இழையில் நின்றது. நாளைக்கு ஆட்டம் பாட்டத்தில் அறுந்து காசு கூட்டத்தில் சிதறிவிட்டால்? என் பையில் எப்போதும் நல்ல முறுக்கு நூல் இருக்கும். பழைய கயிற்றை அவிழ்த்தேன். காசுகளைத் தனித்தனியாக வைத்து இரண்டு பக்கமும் அழகாகப் படம் எடுத்தேன்.

அப்போதுதான் கவனித்தேன். மாலையில் காசுகள் வருஷப்படி இல்லை. தாடி ராஜாவுக்குப் பின்னால் ராணி வருகிறாள். மொட்டைத்தலைக்கு முன்னால் கிரீடம். முன்னால் வந்த மருமகளின் காசு பழைய காசாகத்தானே இருக்கும்? எப்போதோ கயிறு அறுந்து யாரோ அவசரத்தில் மாற்றிக் கோத்திருக்கிறார்கள். சரிசெய்துகொடுத்தால் நான் சாப்பிட்ட சாமைச் சோற்றுக்கு ஒரு கைம்மாறு. வருஷத்தைப் பார்த்துப் பார்த்து அடுக்கினேன். கடைசி இரண்டும் ஒரே ராஜா, ஒரே வருஷம். எது முன்னால் இருந்தால் என்ன என்று கைக்கு வந்தபடி போட்டேன். புது நூலில் கோத்து முடிச்சுப் போட்டேன். என் போட்டிச் சட்டத்தில்கூட இவ்வளவு ஒழுங்காக நான் எதையும் அடுக்கியதில்லை.

மல்லியம்மா வந்து வாங்கினாள். கட்டைவிரலால் காசுகளைத் தள்ளப் போனாள். முதல் காசிலேயே விரல் நின்றுவிட்டது.

"இன்னா பண்ணி வெச்சிக்கீற?"

சொன்னேன். வருஷம், ராணி, ராஜா, எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் மாறுவது தெரிந்து என் குரல் தேய்ந்துகொண்டே போனது.

"வருசம் காசுக்குதான்யா. ராணி காசு அலமேலு அத்தையிது. எம் மாமியாளுக்கு ஓரகத்தி அது. அதோட அம்மா வூட்ல பழய காசுதான் இருந்துது, அத குடுத்தனுப்புனாங்க. காசு பழசுன்னா பொண்ணு பழசாயிடுமா?"

எனக்கு உட்கார வேண்டும்போல இருந்தது. ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தேன். படங்களைப் புரட்டினேன். காசுகளை அவிழ்த்த பிறகு எடுத்த படங்கள். பழைய வரிசை எதிலும் இல்லை. ராஜாக்களின் மீசைவரை நினைவிருக்கிற எனக்கு, எது எதற்குப் பக்கத்தில் இருந்தது என்பது ஒன்றுகூட நினைவில்லை. நாளைக்குத் திருவிழா. இந்த ஊருக்குப் பஸ்ஸும் கிடையாது, ஓடிப்போகலாம் என்றால்.

மல்லியம்மா திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். காசுகளை முறத்தில் கொட்டினாள். "ஏந்து வாய்யா இங்க!" என்று வீட்டுக்குள் குரல் கொடுத்தாள். வெள்ளையன் பீடியோடு வந்தார்.

காசில் இருந்த தலையை அவள் பார்க்கவே இல்லை. வளையத்தைப் பார்த்தாள். "இது பொன்னி. மொத காசு. வளையம் தேஞ்சி நூலாட்டம் கீது பாரு. இது வேடியம்மா. இது தீர்த்தம்மா."

"ஏய், தீர்த்தம்மா அப்பறம்டி. குப்பிதான் முன்ன."

"உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

"எங்க ஆயாவாச்சே! எனக்குத் தெரியாதா?"

"உங்க ஆயா பேர மூணு தபா மாத்தி மாத்திச் சொன்ன ஆளுதானே நீ!"

செம்பு வளையம் வைத்த காசில் வந்து சண்டை நின்றது. வளையத்துக்கு வெள்ளி கிடைக்காத பஞ்சகாலத்தில் வந்தவள் குப்பி. பஞ்சம் தீர்ந்து வந்தவள் தீர்த்தம்மா. வெள்ளையன் ஜெயித்தார். அப்படி ஒவ்வொன்றாக ஏறியது. நான் அவசரமாக என் படங்களின் கீழே பெயர்களை எழுதிக்கொண்டே வந்தேன். பயத்தில் எழுதியதால் கோழி கிளறியதுபோல இருந்தது என் எழுத்து.

கடைசியில் முறத்தில் இரட்டைக் காசுகள் இரண்டும் மிஞ்சின. எனக்கு அவை ஒன்றுபோலவேதான் தெரிந்தன. ஒன்றில் வளையம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. மல்லியம்மா உள்ளங்கைக்கு ஒன்றாக எடுத்து வைத்துக்கொண்டாள். நூலை எடுக்கவில்லை.

வெள்ளையன் பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தார். வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இத பாரு. மூத்தவன் பொஞ்சாதி நீ. நாயப்படி நீதான் போடணும். இப்ப மாலையே கலஞ்சி போச்சி. உன்னுத முன்ன கோத்துடு. அவ வந்து கத்துனா, காசுக்காரரு கலைச்சிட்டாரு, இப்பிடிதான் இருந்துதுன்னு நெனச்சோம்னு சொல்லிடலாம். நாளைக்கி அவுரு பாட்டுக்குப் பஸ் ஏறிடப் போறாரு."

"நான் இன்னாத்த சொல்றது?" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

பக்கத்து வாசலில் புளி தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மல்லியம்மா இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த முகத்தை எனக்குத் தெரியும். தொலைந்துபோனதாகச் சொன்ன சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கலாமா வேண்டாமா என்று கடை வாசலில் நிற்பவர்கள் முகம். அவள் ஆசை நியாயமான ஆசை என்றும் எனக்குத் தோன்றியது. இருபது வருஷத்துக்கு மேலாக மாலையைப் பானையில் வைத்துக் காப்பாற்றுகிறவள், ஒருநாளும் போட்டுக்கொண்டதில்லை.

அவள் சாய்ந்த வளையத்தை எடுத்து நூலில் நுழைத்தாள்.

"இது சின்னத்தாயி."

"ஏன்டி?" என்றார் வெள்ளையன்.

"அவதானே முன்ன வந்தா. வேலி முள்ளுல பொடவ மாட்டிக்கிச்சி, எடுத்துக்கினு நின்னேன். அவ உள்ள போய்ட்டா. நான் பாத்துக்கினு இருந்தேனே." அடுத்த காசை நுழைத்தாள். "இது நானு. போ, மாட்ட அவுத்து கட்டு."

முடிச்சை மட்டும் என்னிடம் போடச் சொன்னாள். என் வாழ்க்கையில் அவ்வளவு இறுக்கமாக ஒரு முடிச்சு போட்டதில்லை.

பொழுது சாயச் சந்தையிலிருந்து வந்த சின்னத்தாயி மாலையைப் பார்த்தவுடன் கேட்டாள்: "கவுறு புதுசா கீது?"

"அவரு அவுத்து கலைச்சிட்டாரு. நானும் உங்க மாமனும் குந்தி கோத்தோம்" என்று மல்லியம்மா அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள்.

சின்னத்தாயி காசுகளைத் தள்ளிக்கொண்டே போனாள். கடைசி இரண்டில் வந்து நின்றாள். சாய்ந்த வளையத்தைத் தொட்டாள். பிறகு, "கலைச்ச கையோட உன்னுத முன்ன வெச்சிக்கினு போவ வேண்டிதானே, பைத்தியமே. யாரு கேக்கப் போறா?" என்றாள்.

"உன் வாய யாரு கேக்கறது," என்றாள் மல்லியம்மா.

மறுநாள் பம்பை ஒலியில் என் காது அடைத்துப்போனது. சின்னத்தாயி மாலையோடு நின்றாள். வெயில் பட்டு ஒன்பது காசும் கண்ணைக் கூசவைத்தன. நடுவர்கள் பார்த்திருந்தால் நிறம் போயிற்று என்று தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். முதல் கை அரிசியைப் போட்டாள். போட்ட கையாலேயே பக்கத்தில் நின்ற மல்லியம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். "வா, சும்மா மொறைக்காத, நீயும் போடு."

இறங்குகிற பஸ் எந்த வளைவிலும் நிற்கவில்லை. ஆண்டி ஒரு புட்டியில் தேனும், மல்லியம்மா ஒரு உருண்டை புளியும் கொடுத்தனுப்பினார்கள். "உங்கூட்டு காசையும் தேய்ச்சி வெய்யி" என்று சொல்லி.

வீட்டுக்கு வந்து சட்டம் செய்தேன். வெல்வெட் இல்லை, ஜிகினா இல்லை, இங்கிலீஷ் இல்லை. வெள்ளைத் தாளில் ஒன்பது பென்சில் படங்கள், வளையத்தோடு. ஒவ்வொன்றின் கீழும் கொண்டுவந்தவள் பெயர். அதன் கீழே அதே மாதிரிக் காசு, என் டப்பாவிலிருந்து. மேலே ஒரே வரி: 'மருமகள்கள் வந்த வரிசை'. எழுத்துப் பெரிதாக, என் கையெழுத்திலேயே.

போட்டி நாள் காலையில் டீ வாங்கிக் கொடுத்த அதே நடுவர் வந்தார். நெடுநேரம் நின்று பார்த்தார். "ரொம்ப நல்லா வந்துகீதுங்க," என்றார். பிறகு மெதுவாக, "ஆனா வருஷ வரிச தப்பா கீதே. மத்த ரெண்டு நடுவரும் அதுல கை வைப்பாங்க. இன்னும் நேரம் கீது, மாத்தி ஒட்டிடுங்க. அப்பறம் பரிசு உங்களுக்குத்தான்."

ஒட்டுப்பசை என் பையில் இருந்தது. பழைய நானாக இருந்தால் அவர் சொல்லி முடிக்கும் முன்பே தாளைக் கிழித்திருப்பேன். ஆனால் கை பைக்குப் போகவில்லை.

"வரிச சரிங்க," என்றேன். "ஒரு தபா வருஷப்படி மாத்திப் பாத்துட்டேன். அதுதான் தப்பா வந்துது."

பரிசு கிடைக்கவில்லை. சட்டத்தின் ஓரத்தில் 'கால வரிசை பிழை' என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள். ஆனாலும் அன்றைக்கு என் சட்டத்தின் முன்னால் பெண்கள் கூட்டம். காசு பார்க்க வந்த புருஷன்மாரோடு வந்து, வழக்கமாக மண்டபத்து நாற்காலியில் தூங்குகிறவர்கள். பெயர்களை வாய்விட்டுப் படித்துக்கொண்டு நின்றார்கள்.

சாயங்காலம் ஆண்டி மண்டபத்துக்கே வந்தான்; கூடவே மல்லியம்மாவும் சின்னத்தாயியும். சின்னத்தாயி மகனுக்குத் தை மாதம் கல்யாணம். துணி எடுக்க வேலூர் வந்தவர்கள். படிக்கத் தெரியாதவர்கள் என்பதால் நான் பெயர் சொல்லச் சொல்ல, வளையத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தார்கள். பரிசு வரவில்லை என்றேன். மல்லியம்மா, "புளி போட்டு தேய்க்காம வெச்சிருப்ப" என்றாள்.

சின்னத்தாயி மட்டும் கடைசிப் படத்துக்கு வந்து கண்ணாடியில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். மல்லியம்மாவின் காசுக்கு அடுத்து சட்டத்தின் மரக்கட்டைதான். நான் எல்லாவற்றையும் நடுவர்களுக்குப் பிடிக்கும்படி சமமாக இடம் விட்டு, மூலைக்கு மூலை நிரப்பியிருந்தேன்.

"ஏங்க, அக்காவோடயே எங்கூடு முடிஞ்சி போச்சா? எம் மருமவ எங்க நிப்பா?"

அந்தச் சட்டம் இப்போது என் கடையில் மாட்டியிருக்கிறது. மண்டபத்திலிருந்து கொண்டுவந்ததும் எல்லாவற்றையும் பெயர்த்து, நெருக்கி ஒட்டி, கீழே கொஞ்சம் இடம் விட்டேன். பார்க்க ஒரு பக்கம் இழுத்துக்கொண்டுதான் இருந்தது. தை கழிந்து தேனோடு வந்த ஆண்டி, மடித்த தாள் ஒன்றைக் கொடுத்தான். புதுப்பெண் செல்வி தானே தன் காசை வைத்து அடுப்புக்கரியால் தேய்த்து அனுப்பியது. கோணல்மாணலாக, கை பட்டு ஈஷிப்போய், வளையமும் பாதித் தலையும் மட்டும் தெரிந்தன.

வருஷம் விழவே இல்லை. ஒட்டிவிட்டேன்.